தலைமாட்டு முடிச்சு

மூக்கைப் பொத்தியிருந்த துண்டை எடுக்காமலே மண்டோர் இராமலிங்கம் அழுதார். கண்ணில் தண்ணீர் வந்ததா என்று கேட்கக் கூடாது. துண்டு மறைத்தது போக மிச்சமிருந்த முகம் சுருங்கியது, தோள் குலுங்கியது, உள்ளேயிருந்து "தங்கமான ஆளு, தங்கமான ஆளு" என்று குரல் வந்தது. அந்தத் தங்கமான ஆள் வேலாயுதம் உள்ளே பாயில் கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். வெயில்கூட இன்னும் ஏறவில்லை.

"துண்ட எடுங்க மண்டோரே," என்றாள் நல்லம்மாள், வாசலில் நின்றபடி. "எம்புருசன் இன்னும் நாறல."

மண்டோர் துண்டைக் கழுத்துக்கு இறக்கினார். ஆனால் நின்ற இடத்தை விட்டு முன்னால் வரவில்லை. அவருக்குப் பின்னால், சாக்கடைக்கு அந்தப் பக்கம், அவர் மேஸ்திரியாக இருந்து வேலை வாங்கும் தண்டவாள கேங் மொத்தமும் நின்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் கேங்குக்கு அரைநாள் வேலை கிடையாது, ஆகவே வராதவன் என்று எவனும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு, செத்தவரைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டு நின்றார்கள். சாக்கடையைத்தான் யாரும் தாண்டவில்லை.

நல்லம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கேங்காளில் எவனாவது ஒருவன் உள்ளே வந்து அவர் மேல் கை வைக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், கோடித் துணி சுற்ற வேண்டும், பாடையில் ஏற்ற வேண்டும். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். கூட வேலை செய்தவர்கள்தானே இந்த ஊரில் பங்காளி?

"நேரமாவுது. ஒருத்தராவது உள்ள வாங்க, தண்ணி ஊத்தணும்," என்று அவள் பொதுவாகச் சொன்னாள்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து நாகையாவைப் பார்த்தார்கள். நாகையா வேலாயுதத்துக்கு ஒரே ஊர்க்காரன். ஒரே கப்பலில் வந்தவன்.

"கொள்ளி நான் வெக்கிறேன் தங்கச்சி," என்றான் நாகையா. "அதுல எனக்கு ஒண்ணுமில்ல. தள்ளி நின்னு வெச்சிரலாம். குளிப்பாட்டறதுதான்... எம்பொஞ்சாதி முழுகாம இருக்கா பாரு."

பெண்சாதி முழுகாமல் இருப்பதற்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்க நல்லம்மாளுக்கு வாய் வந்தது. கேட்டால் பேயைப் பற்றிப் பேசுவான். ரயிலில் அடிபட்டுச் செத்தவர்களின் ஆவியெல்லாம் வேலாயுதத்தின் கையில் ஒட்டிக்கொண்டிருப்பதாக இந்த லயமே நம்பியது. அதைச் சத்தமாகச் சொல்வதற்குத்தான் இன்று கூச்சப்பட்டார்கள்.

இதெல்லாம் கன்னையா செத்ததிலிருந்து ஆரம்பித்தது. கிள்ளான் போகிற பாதையில், ஒரு வளைவில், கேங் டிராலியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நேரம் தப்பி வந்த சரக்கு ரயில் சத்தம் கேட்டதும் எல்லோரும் குதித்துவிட்டார்கள். கன்னையா மட்டும் டிராலியைத் தண்டவாளத்திலிருந்து இழுக்கப் பார்த்திருக்கிறான். ரயில் போன பிறகு பார்த்தவர்களில் பாதிப்பேர் லாலான் புல்லுக்குள் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள், மீதிப்பேர் ஓடிப்போனவர்கள்தான், திரும்பவே இல்லை. நின்றவர் வேலாயுதம். தன் வேட்டியை அவிழ்த்து விரித்து, கன்னையாவை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்து, ஓடைத் தண்ணீரில் அவன் முகத்தைக் கழுவி, கட்டித் தூக்கிக்கொண்டு கோமணத்தோடு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார்.

மறுநாள் தண்டவாளத்து ஓரத்தில் மத்தியானச் சோறு தின்ன உட்காரும்போது, அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பயந்துட்டானுங்க நல்லம்மா. ரெண்டு நாளு போனா சரியாயிரும்."

சரியாகவில்லை. அடுத்து ஒரு குடிகாரன் அடிபட்டான், மண்டோர் "வேலாயுதத்தக் கூப்புடு" என்றார். பிறகு சீனக் கிழவி ஒருத்தி. பிறகு செராஸ் பக்கத்திலிருந்து வந்து, வேண்டுமென்றே தண்டவாளத்தில் படுத்த ஒரு பையன். கிள்ளான் பாதையில் யார் செத்தாலும் வேலாயுதம்தான். அவருக்கென்று ஒரு பெயரும் வைத்தார்கள். பொணந்தூக்கி. டிராலியில் அவரை ஏற்றமாட்டார்கள், பின்னால் நடந்து வரச் சொல்வார்கள். அவர் பிடித்த கடப்பாரையை இன்னொருவன் பிடிக்கமாட்டான். சோறு தின்பது அவர் மேல் பட்ட காற்று மற்றவர்கள் மேல் படாத பக்கம், தனியாக. இவ்வளவும் செய்தவர்கள் அவர் எந்த வேலைக்காக ஒதுக்கப்பட்டாரோ அந்த வேலையை மட்டும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவே இல்லை.

ஒரு தடவை இஞ்சினியர் துரை விஷயம் கேள்விப்பட்டு, அவருக்கு ஒரு டின் பிஸ்கோத்து கொடுத்தனுப்பினார். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. வேலாயுதம் டின்னைத் திறக்கவே இல்லை.

"தொரையே மெச்சிட்டாரு, அப்புறம் என்னங்க?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"தொரைக்கு என்ன தெரியும்? அவரு பாத்தாரா? பாத்தவனுங்க இவனுங்க. ஓடுனவனுங்களும் இவனுங்கதான். நான் எப்படிச் செஞ்சேன்னு இவனுங்களுக்குத்தான் தெரியும். 'நல்லபடியா செஞ்சடா'ன்னு ஒரு வார்த்த. எவனாச்சும் ஒருத்தன். அது போதும் எனக்கு."

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வேலை முடிந்து வந்தால் குழாயடியில் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். செங்கல் தூளைப் போட்டுத் தேய்ப்பார், தோல் உரிந்து சிவக்கும் வரைக்கும். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு சோறு குறைந்தது. வேலைக்குப் போகிற காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருப்பார், ஒன்றும் வராது. கடைசியில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொயினா மருந்து கொடுத்தார், குடித்தார், கேட்கவில்லை. லயத்தில் எத்தனையோ பேருக்கு அதே காய்ச்சல் வந்து, அதே கொயினாவில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள். இவர் எழுந்திருக்க ஆசைப்படவில்லை. அவ்வளவுதான்.

இப்போது சாக்கடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு காற்றில் வந்தது.

"இனிமே அடிபட்டா எவன்டா போறது?"

"அதான் எனக்கும் ரோசனையா இருக்கு. வேலாயுதம் இருந்தான், கவலையில்லாம இருந்தோம்."

நல்லம்மாள் தரையில் துப்பினாள். சாவு வீட்டு வாசலில் துப்பக் கூடாது என்று அவளுக்கும் தெரியும்.

மண்டோர் கனைத்தார். "ஒண்ணும் ரோசிக்காத தங்கச்சி. நான் ஏற்பாடு பண்ணிட்டேன். ஆளு வந்துட்டிருக்கான்."

"எந்த ஆளு?"

"பெரியாஸ்பத்திரியில பொண அறையில இருக்கானே, சின்னையான்னு. குளிப்பாட்டி, துணி சுத்தி, பாடையில வெச்சிட்டுப் போயிருவான். அப்புறம் நம்ம பயலுவ தூக்கிருவானுங்க. மூங்கிலத்தானே புடிக்கணும்."

"தோட்டியா?" நல்லம்மாளின் குரல் உயர்ந்தது. "எம்புருசன ஒரு தோட்டி வந்து தொடணுமா? இத்தன பேரு கல்லுக்குண்டாட்டம் நிக்கிறீங்க!"

"வேற எவன் வருவான், நீயே சொல்லு."

 

சின்னையா வந்தான். பினாயில் வாடையும் சம்சுச் சாராய வாடையும் அவனுக்கு முன்னால் வந்தன. அரையில் ஆஸ்பத்திரியின் காக்கிக் கால்சட்டை, மேலே ஒன்றுமில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கேங்காள்கள் அவனுக்கு வழிவிட்ட அகலத்தில் ஒரு மாட்டுவண்டி போகலாம். வாசலுக்கு வந்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வரலாங்களாம்மா?"

 நல்லம்மாளுக்கு மூக்கைப் பொத்தக் கை போனது. போன கையை அவள் முந்தானையோடு சேர்த்து இறக்கினாள். மண்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா," என்றாள்.

சின்னையா உள்ளே வந்து, சாமி படத்துப் பக்கம் திரும்பாமல், நேராகப் பாயருகே போய்க் குந்தினான். முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினான். விலக்கியவன் அப்படியே இருந்துவிட்டான்.

"அய்யய்யோ. இவரா?"

"தெரியுமா ஒனக்கு?"

"ரயில்வேக்காரருலா இது. பேரு தெரியாது. நாங்க ரயில்வேக்காரருன்னுதான் சொல்லிக்குவோம்." துணியை நெஞ்சு வரைக்கும் இறக்கி, அவன் முகத்தையே பார்த்தான். "கேங்காளு ஒருத்தன் செத்துட்டான், வான்னு கூப்புட்டாங்க. இவருன்னு சொல்லலியே. சொல்லியிருந்தா நான் குடிக்காம வந்திருப்பேன்."

தண்ணீர்க் குடத்தை அவளே எடுத்து வைத்தாள். அவன் குளிப்பாட்ட ஆரம்பித்தான். தலையைத் தூக்கித் தன் முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு, காதுக்குள் தண்ணீர் போகாமல் உள்ளங்கையால் அணை கட்டி ஊற்றினான். செத்தவன் காதில் தண்ணீர் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? அவன் அப்படித்தான் ஊற்றினான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தான். உரிந்து கிடந்த தோலைப் பார்த்ததும் கை மெதுவாகியது.

நல்லம்மாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் வேலை செய்துகொண்டே பேசினான். பேச்சு அவளிடமா, பிணத்திடமா என்று தெரியவில்லை.

"எங்ககிட்ட ரயில்ல அடிபட்டது எத்தனையோ வரும்மா. சாக்குல அள்ளியாந்து, மீன் கூடையக் கவுக்கற மாதிரி கொட்டிட்டுப் போவானுங்க. கல்லும் புல்லுமா கெடக்கும். நாங்கதான் பொறுக்கி ஒண்ணு சேக்கணும். பெத்தவ வந்து வெளிய நின்னுக்கிட்டு, மொகத்தக் காட்டு காட்டுன்னு கத்துவா. எதக் காட்டறது?"

"வேணாம்யா. அதெல்லாம் சொல்லாத."

இதே வார்த்தையை அவள் வேலாயுதத்திடமும் சொல்லியிருக்கிறாள். சோறு போடுகிற நேரத்தில் ஆரம்பிப்பார். முகம் தப்பிச்சிருச்சு நல்லம்மா, நல்லவேளை, என்பார். வேணாங்க, திங்கிற நேரத்துல என்பாள். அவர் வாயை மூடிக்கொள்வார்.

"சொல்லிடறேன்மா. அப்புறம் யாருகிட்ட சொல்வேன்?" சின்னையா கோடித் துணியை உதறினான். "இவரு கொண்டாந்தா மட்டும் அப்படி இருக்காது. மொத்தமும் துணிக்குள்ள இருக்கும். கீழ்ப்பக்கம் இறுக்கிக் கட்டி, தலமாட்டுல மட்டும் ஒரு முடிச்சு. அந்த ஒரு முடிச்ச அவுத்தாப் போதும், மொகம் தெரியும். கண்ண மூடி, வாயத் தொடச்சி, தலைய சீவி விட்டிருப்பாரு. அடிபட்ட பக்கத்த மடிச்ச துணியில மறச்சிருப்பாரு. பெத்தவ வந்து பாத்தா தூங்கற புள்ள மாதிரி இருக்கும். வேற எதையும் அவ பாக்க வேண்டியதே இல்ல. நான் இந்த வேலையிலயே நரச்சுட்டேன். எனக்கு அப்படி வராது. இவரு கட்டுனதப் பாத்துப் பாத்துத்தான் நானே கத்துக்கிட்டேன். பொண அறையில டாக்டரு வருவாரு, 'யாரு கட்டுனது'ன்னு கேக்கமாட்டாரு, அவருக்கு அது கண்ணுல படாது. எனக்குத் தெரியும். நல்லபடியா செய்வாரும்மா. அப்படி ஒரு வேல."

நல்லம்மாள் சுவரிலிருந்து திரும்பினாள்.

"இத அவருகிட்ட சொன்னியாய்யா?"

"என்னது?"

"இப்பச் சொன்னியே, நல்லபடியா செய்வாருன்னு. அத. அவருகிட்ட. உசுரோட இருந்தப்ப."

சின்னையா கை வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் கேட்டதே அவனுக்குப் புரியாத மாதிரி இருந்தது.

"நானா? நான் போயி எப்படிம்மா சொல்றது? அவரு ரயில்வே ஆளு. நான் பொண அறைத் தோட்டி. தோட்டி வந்து நல்லாருக்குன்னு சொன்னா அது அவருக்கு ஒரு பேராம்மா? கேவலமில்ல?"

சின்னையா கோடித் துணியைப் பாயோரம் விரித்தான்.

"ஒரு தடவ வாய் வரைக்கும் வந்திச்சு. மழையில மாட்டிக்கிட்டாரு, எங்க தாவாரத்துல நின்னாரு. ஒரு சுருட்ட நீட்டுனேன். அப்புறம் சொல்லலாம்னு. பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு, மழையிலயே எறங்கிப் போயிட்டாரு." சின்னையா சிரித்தான். "தப்பு சொல்லலம்மா. அவங்கவங்க எடம். பொட்டலத்தக் கைமாத்தறப்ப எங்கை பட்டுட்டாக்கூட, வாசல்ல குந்தி மண்ணப் போட்டுத் தேச்சிட்டுத்தான் போவாரு. பொணம் பட்டதுக்குத் தேய்க்கமாட்டாரு. அதுக்கு அவரு கூசுனதே இல்ல."

நல்லம்மாள் பாயில் கிடந்த கைகளைப் பார்த்தாள். செங்கல் தூள் போட்டு உரித்த தோல். இத்தனை வருஷமாக, கேங்காள் ஒதுக்கிய அவமானத்தைத்தான் மனுஷன் தேய்த்துக் கழுவுகிறார் என்று நினைத்து, பின்னால் நின்று கண்ணீர் விட்டிருக்கிறாள். அந்தத் தேய்ப்பில் இந்தச் சின்னையாவின் கை பட்டதும் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தைக்காக நாய் மாதிரி வாய் பார்த்துக் கிடந்த மனுஷன், வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனிடமிருந்து மழையில் இறங்கி ஓடியிருக்கிறார். அடச்சீ! வெளியே நிற்பவர்கள் மேல் வந்த அதே அருவருப்பு, பாயில் கிடப்பவர் மேலும் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மூக்கை மூடப் போன தன் கை மேலும் வந்தது. செத்த புருஷனை அருவருக்கலாமா என்று பயந்தாள். பயந்தும் அது போகவில்லை.

சின்னையா கோடியைச் சுற்றினான். கீழே இறுக்கி, தலைமாட்டில் ஒரே ஒரு முடிச்சாக முடிந்தான். எட்டி நின்று பார்த்தான், திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடியும் முடிந்தான்.

பாடை தயாராக இருந்தது. சின்னையா தனியாளாக உடம்பைத் தூக்கிக் கொண்டுவந்து கிடத்தி, கயிறு கட்டினான். கட்டி முடித்ததும்தான் கேங்காள்கள் சாக்கடையைத் தாண்டினார்கள். துண்டை மடித்து மடித்துத் தோளில் தடிமனாகப் போட்டுக்கொண்டார்கள். முன்பக்கத்து மூங்கிலில் ஓர் இடம் ஆளில்லாமல் இருந்தது. சின்னையா குனிந்து அதைப் பிடித்தான்.

"ஏய், ஏய்! கைய எடுறா!" நாகையா பாய்ந்து வந்தான். "நாங்க தோள் குடுக்கற மூங்கிலு. ஒன்னையக் கூப்புட்டது குளிப்பாட்டத்தான்."

சின்னையா உடனே கையை எடுத்துவிட்டான். "மன்னிச்சிருங்க. கை கொறையுதேன்னு..."

நல்லம்மாள் நடுவே வந்தாள். அவன் தூக்கட்டும், இல்லையென்றால் எவனும் தூக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாள். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இவர்கள் போட்டுவிட்டுப் போவார்கள். போகட்டும், பீடை ஒழிந்தது. ஆனால் கோடித் துணிக்குள் இருக்கிற மனுஷன் ஆசைப்பட்டது இந்தக் கேடுகெட்ட தோள்களுக்குத்தானே? சின்னையாவின் தோளை அவர் ஏற்றுக்கொண்டிருக்கவே மாட்டார். உயிர் இருந்தால் பாடையிலிருந்து இறங்கி ஓடுவார்.

"வேணாம்மா, விடுங்க. அவங்களே தூக்கட்டும்," என்றான் சின்னையா. "அதான் மரியாத."

"மரியாதையா!" நல்லம்மாள் நாகையாவைப் பார்த்தாள், மண்டோரைப் பார்த்தாள். "தூக்குங்க. இதுக்குத்தானே ஏங்கி ஏங்கிச் செத்தாரு. தூக்கித் தொலைங்க."

பாடை எழும்பியது. தப்புக்காரன் அடிக்கத் தொடங்கினான். தெருமுனை வரை சனம் கூடியிருந்தது. அவர்கள் காதிலும் விழட்டும் என்று மண்டோர் இராமலிங்கம் முன்னால் நடந்துகொண்டே பெரிய குரலில் சொன்னார்: "எந்த வேலையக் குடுத்தாலும் நல்லபடியா செய்வான்யா! இவன மாதிரி ஒருத்தன் இந்த கேங்குல இனிமே வரமாட்டான்!"

"ஆமா, ஆமா," என்றான் நாகையா பாடைக்கு அடியிலிருந்து.

நல்லம்மாள் சாக்கடையோரம் உட்கார்ந்து குமட்டினாள். முந்தின நாளிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை, மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது. பக்கத்து லயத்து மாரியாயி ஓடி வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மாரியாயி கன்னையாவின் பெண்சாதி. ரயில் பாதையில் புல் வெட்டிப் பிழைக்கிறாள். காலையிலிருந்து ஒப்பாரி வைத்தவள், அவளும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் வைத்தாள்.

"அழுதுரு தாயி, நெஞ்சில வெச்சுக்காத," என்றாள் மாரியாயி. அடக்கி வைத்த அழுகை என்று நினைத்துவிட்டாள்.

தப்புச் சத்தம் தேய்ந்து போனது. மாரியாயி தன் வீட்டு அடுப்பில் போட்ட காப்பியைக் கேத்தலோடு கொண்டுவந்தாள். ஒரு லோட்டாவை நல்லம்மாளிடம் கொடுத்தாள். இன்னொரு கையில் ஒரு சிரட்டை வைத்திருந்தாள்.

"அந்தாளு இன்னும் போவாம குந்தியிருக்கான். இதுல ஊத்திக் குடுத்து அனுப்பிச்சிரலாம்."

சாக்கடைக்கு அப்பால், காலையில் கேங் நின்ற இடத்தில் சின்னையா குந்தியிருந்தான். பாடை போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்லம்மாள் சிரட்டையை வாங்கவில்லை. தன் லோட்டாவையே நிறைய ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். "அடியே, அந்த லோட்டாவ அப்புறம் யாரு பொழங்கறது?" என்று மாரியாயி பின்னாலிருந்து கேட்டாள்.

அவள் வருவதைப் பார்த்ததும் சின்னையா குந்தியபடியே முன்னால் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டான். அவள் மேலேயிருந்து ஊற்றுவதற்காகக் காத்திருந்தான்.

"சுடும்ணே. லோட்டாவப் புடிங்க."

யாரை அண்ணே என்கிறாள் என்று சின்னையா பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. கை குவிந்தபடியே இருந்தது.